இருக்கை எலும்பின் மீது இருநூறு கிலோமீட்டர்

காவிரிப் படுகையில் மோட்டார் சைக்கிள் நெடும்பயணம் எது என்பதைக் கிலோமீட்டரால் வரையறுக்க முயல்வோர் முதல் வரியிலேயே இடறுவர். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் சுமார் 40 கிலோமீட்டர்தான் என்று வரைபடம் காட்டினாலும், அய்யம்பேட்டைக் கடைத்தெரு, பாபநாசத்தில் பேருந்துக்கும் லாரிக்கும் இடையே நடக்கும் வழிப் பேச்சுவார்த்தை, அறுவடைக் காலமாயின் சாலையின் பாதியில் கல் வைத்து எல்லை கட்டிக் காயப்போட்டிருக்கும் நெல், அந்த நெல்லுக்குக் காவலாக மீதிப் பாதியில் போடப்பட்டிருக்கும் கயிற்றுக்கட்டில் ஆகிய அனைத்தையும் கடந்து தாராசுரம் சேர்வதற்குள், அதே தொலைவை வேறொரு மாவட்டத்தில் கடந்தவர் வீடு சேர்ந்து, சாப்பிட்டு, கையும் கழுவியிருப்பார். ஆகவே இவ்வட்டாரத்துக்குப் பொருந்தும் வரையறை உடலைச் சார்ந்தே அமைய வேண்டியிருக்கிறது. வண்டியிலிருந்து இறங்கியவர் நடக்கும் முதல் பத்து அடியைப் பார்த்தே, அவர் ஓட்டி வந்த வண்டி எது, அதன் சீட்டுக்குள் இருக்கும் ஃபோம் செத்து எத்தனை ஆண்டாயிற்று என்பதை டீக்கடை பெஞ்சில் இருப்போர் சொல்லிவிடக்கூடுமானால், அதுவே நெடும்பயணம்.

அந்த நடைக்கு முதற்காரணம் மண். படுகையின் வண்டல் களிமண் மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும் இயல்புடையது. நாற்று நடுவதற்கு அது எவ்வளவு உகந்ததோ, தார் போடுவதற்கு அவ்வளவு உகந்ததன்று. இதனோடு நீரும் சேர்ந்துகொள்கிறது. காவிரி, வெண்ணாறு, குடமுருட்டி, வெட்டாறு, வடவாறு என்று ஆறுகள் பிரிந்து, அவை வாய்க்கால்களாகவும் கன்னி வாய்க்கால்களாகவும் மேலும் பிரிவதால், இங்கே எந்தச் சாலையும் பாலமோ மதகோ இல்லாமல் நெடுந்தூரம் போக முடிவதில்லை. பாலம் உறுதியான அடித்தளத்தின் மேல் நிற்பதால் அது அமிழ்வதில்லை. பாலத்தை ஒட்டிய சாலை கொட்டிய மண்ணின் மேல் கிடப்பதால் ஆண்டுதோறும் சற்றே அமிழ்கிறது. பொறியாளர்கள் சமனற்ற அமிழ்வு என்று அமைதியாகக் குறிப்பிடும் இந்நிகழ்வின் பயனாக, ஒவ்வொரு பாலத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வண்டிக்கு ஓர் உதை உண்டு. மதகு திறந்து மூடும் லஸ்கர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பின்சீட்டில் அமர்ந்து வந்தாலும், உதைகளை எண்ணியே எந்த வாய்க்கால் தாண்டியது என்று சொல்லிவிட முடியும். அமர்ந்த நிலையில் மனித முதுகுத்தண்டு நொடிக்கு 4 முதல் 8 வரையிலான மேல்கீழ் அசைவுகளுக்கு மிகையாக இசைந்து ஆடும் என்பது அதிர்வியல் கண்ட உண்மை. படுகையின் சாலைகள் அந்த ஆய்வைப் படித்துவிட்டே போடப்பட்டனவோ என்னும் ஐயம் வல்லம் தாண்டிக் கிழக்கே வருவோர் அனைவருக்கும் எழுவதுண்டு.

இனி உதை வாங்கும் உறுப்பைப் பற்றிக் காணலாம். மனிதன் அமரும்போது மேலுடலின் எடையில் பெரும்பகுதியை இடுப்பெலும்பின் அடிப்பக்கத்து முண்டுகள் இரண்டு தாங்குகின்றன. இவற்றை இருக்கை எலும்புகள் எனலாம். இவற்றுக்கு இடையிலான தூரம் ஆளுக்கு ஆள் வேறுபட்டு, பெரும்பாலும் 10 முதல் 15 செ.மீ. வரை இருக்கும். இந்த முண்டுகளுக்கும் சீட்டுக்கும் நடுவே அகப்பட்ட தசையிலும் தோலிலும் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்கி, இரத்தம் வராமல் போவதே வலியின் தொடக்கம். எவ்வளவு அழுத்தத்தில் அவை நசுங்கும் என்று கேட்போருக்கு, பாதரச மானியில் 32 மில்லிமீட்டர் என்னும் எண்ணை மருத்துவ நூல்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. இந்த எண் 1930இல் யூஜின் லாண்டிஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் கைவிரலின் நகக்கண்ணில் அளந்து கண்டது. விரலில் அளந்ததைப் பின்புறத்துக்கு அளவுகோலாக்கிக்கொண்டது உலகம். கெட்டியான பரப்பில் அமர்ந்தவரின் இருக்கை எலும்புக்கு அடியில் இதைப் போலப் பல மடங்கு அழுத்தம் விழும் என்பதால், ஓட்டுநர்கள் அடிக்கடி இடமும் வலமும் நகர்ந்து அமர்வதை நெளிதல் என்று பழித்தல் தகாது. அது இரத்த ஓட்டத்தை மீட்கும் முயற்சி.

நெளிதலைத் தவிர்க்க விரும்புவோர் சீட் கவர் கடையை நாடுகின்றனர். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் பட்டுக்கோட்டையிலும் தையல் இயந்திரம், ரெக்சின் சுருள்கள், ஒட்டுப் பசை ஆகியவற்றோடு நடக்கும் இக்கடைகளில், இருக்கையைத் தேர்ந்தெடுக்கும் முறை ஒன்று வழிவழியாக வந்துள்ளது. வாடிக்கையாளர் ஃபோமைப் பெருவிரலால் அமுக்கிப் பார்க்கிறார். விரல் உள்ளே புதைந்தால் மகிழ்ந்து தலையசைக்கிறார். அதாவது, பின்புறத்துக்கான பொருளை வாங்கும்போது கலந்தாலோசிக்கப்படும் ஒரே உறுப்பு பெருவிரல். அதுவும் பத்து நொடிக்குத் தரும் கருத்து அது. எழுபது கிலோ எடை நான்கு மணி நேரம் அமர்ந்தால் என்ன ஆகும் என்பதை அறியும் வாய்ப்பு பெருவிரலுக்கு வாழ்நாளில் கிட்டுவதில்லை.

ஃபோம் எனப்படுவது பாலியூரித்தேன் என்னும் வேதிப்பொருளின் நுரை. 1937இல் ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் ஓட்டோ பேயரும் அவர் குழுவினரும் இவ்வேதியியலைக் கண்டறிந்தனர். அதன் மென்நுரை பின்னர் மெத்தைக்கும் வண்டிச் சீட்டுக்கும் வந்து சேர்ந்தது. ஃபோமின் தரத்தைச் சொல்ல இரண்டு அளவுகள் தேவைப்படுகின்றன. ஒரு கனமீட்டர் ஃபோம் எத்தனை கிலோ இருக்கும் என்பது அதன் அடர்த்தி. அதை அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது அதன் கடினம். அடர்த்தி குறைந்த ஃபோமில் பெரும்பகுதி காற்றே ஆதலால், கடையில் அது பஞ்சணையாக இருந்து, வழியில் நசுங்கித் தட்டையாகி, திருவையாறு தாண்டுவதற்குள் இருக்கை எலும்பு அடியில் உள்ள தகட்டைச் சந்தித்துவிடும். அச்சந்திப்பு நிகழ்ந்த பிறகு எஞ்சிய பயணம் முழுவதும் அவ்விருவருக்கும் இடையே ஃபோம் வெறும் சாட்சியாக மட்டுமே இருக்கிறது. மேலும், மிக மென்மையான சீட்டில் உடல் புதைந்துபோவதால் நகர்ந்து அமரவும் இயலாது. வெப்பமும் வியர்வையும் வெளியேற வழியின்றி அங்கேயே குடியிருக்கும். வெட்டுத் துண்டு ஃபோம்களைப் பசையிட்டு அழுத்திச் செய்யும் ரீபாண்டட் என்னும் வகை கனமீட்டருக்கு 80 கிலோவுக்கும் மேலான அடர்த்தி கொண்டது. அதை அடியில் ஓர் அடுக்காக வைத்து, மேலே விரற்கடை அளவுக்கு மென்மையான ஃபோம் ஒட்டினால் சீட் எடையைத் தாங்கவும் செய்யும், தோலுக்கு இதமாகவும் இருக்கும். தொழில் தெரிந்தவர் இதைச் செய்து தருவார். ஆனால் கையால் அமுக்கினால் கட்டையாக இருக்கும் அந்தச் சீட்டுக்குப் பணம் கொடுக்க வாடிக்கையாளரின் பெருவிரல் ஒப்புக்கொள்வதில்லை.

உயரம் கூட்டுவதிலும் ஓர் இடர் உண்டு. இரண்டு விரற்கடை ஃபோம் ஏற்றினால் இரண்டு விரற்கடை கால் குறையும். சராசரி உயரமுள்ள ஒருவர் கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்கு அருகே நெரிசலில் வண்டியை நிறுத்தித் தரையைத் தேடும்போது, இதமும் நிலைப்பாடும் ஒருங்கே கிடைப்பது அரிது என்பதைக் கால்விரல் நுனியால் உணர்வார். இதற்குத் தீர்வாகச் சீட்டின் முன்பகுதியை இருபுறமும் சீவிக் குறுக்கி, பின்பகுதியை மட்டும் அகலமாக விடுவதுண்டு. அகலம் வேண்டியது இருக்கை எலும்பு அமரும் இடத்தில் மட்டுமே. தொடைக்கு நடுவே அகலம் இருந்தால் அது காலை விரிக்குமே அன்றி வேறு பயன் தராது. தையல் மடிப்பு இருக்கை எலும்புக்கு நேர் கீழே வராமல் பார்த்துக்கொள்வதும் தேவை. அழகுக்காகச் சிவப்பு நூலில் போட்ட சாய்சதுரத் தையல் தன் வடிவத்தை அப்படியே உடையவரின் உடலில் பதித்து அனுப்பிய நிகழ்வுகள், அவற்றின் இடம் கருதி, ஆவணப்படுத்தப்படாமல் போயின.

கடைக்குப் போகாதவர்களின் மரபு இதனினும் பழையது. பயணத்துக்கு அடியில் மெத்தை போடும் கலை படுகைக்குப் புதிதன்று. வில்வண்டியில் வைக்கோலைப் பரப்பி மேலே ஜமுக்காளம் விரித்தவர்கள், விசையை உள்வாங்கித் தணிக்கும் பொருள் ஒன்று வில்லுக்கு மேல் வேண்டும் என்பதைச் சூத்திரம் இன்றியே அறிந்திருந்தனர். வில் உதையைத் தாங்கும், ஆனால் தாங்கியதைத் திருப்பியும் தரும். வைக்கோல் தாள்கள் ஒன்றோடொன்று உரசி அந்த ஆட்டத்தை விழுங்கிவிடும். இன்று அந்த வைக்கோல் சீட்டுக்குப் பதிலாகச் சாலையில் கிடக்கிறது. அதன் மேல் வண்டி வழுக்கிக்கொண்டு போகும் சில நொடிகளுக்குச் சீட்டில் உதையே தெரிவதில்லை என்பது உண்மையாயினும், அப்போது ஓட்டுநரின் கவனம் வேறு கவலைகளில் இருப்பதால் அந்த இதத்தை அவர் துய்ப்பதில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னைநாரும் இவ்வரிசையில் வைக்கத்தக்கது. நாரைச் சுருட்டி ரப்பர் பாலில் தோய்த்து உறையவைத்த மெத்தை ஒரு காலத்தில் பேருந்து, கார் இருக்கைகளை ஆண்டது. ஃபோமைவிடக் காற்றோட்டம் மிக்க அது வழக்கொழிந்ததற்கு, நார் ஒன்றிரண்டு ரெக்சினைத் துளைத்து வெளியே வந்து அமர்ந்தவரை நலம் விசாரித்ததும் ஒரு காரணமாகலாம்.

இப்போது நடைமுறையில் இருப்பவை துண்டும் சாக்கும். நான்காக மடித்த துண்டு அழுத்தத்தைச் சற்றும் குறைப்பதில்லை என்றாலும் வியர்வையை உறிஞ்சுவதால் தோல் ரெக்சினோடு ஒட்டி உரிவதைத் தடுக்கிறது. அக்னி நட்சத்திர நாட்களில் கறுப்பு ரெக்சினுக்கும் வேட்டிக்கும் இடையே அது ஒன்றே அரண். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம் கட்டும் சணல் சாக்கு துண்டைவிடத் தடிமனானது, காற்று புகக்கூடியது. சொரசொரப்பு மட்டுமே அதன் குறை. மரமணிகளைக் கோத்த விரிப்பு, ஆட்டுத் தோல், ஜெல் பஞ்சணை, சக்கர நாற்காலியில் வாழ்வோருக்காக உருவான காற்றறை மெத்தையின் வழியில் வந்த காற்றுப் பைகள் ஆகியன இதே வேலையை அதிக விலையில் செய்கின்றன. இவற்றுள் காற்றுப் பையே அழுத்தத்தைப் பரப்புவதில் உண்மையில் சிறந்தது. அதை முழுக்க ஊதாமல் பாதி தளர்வாக வைக்க வேண்டும் என்னும் குறிப்பை யாரும் படிப்பதில்லை ஆகையால், பலர் அதன் மேல் பந்தின் மேல் அமர்ந்தவராகச் சறுக்கிக்கொண்டிருப்பர். ஜெல் வெயிலில் நிறுத்திய வண்டியில் சூட்டைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். வேதாரண்யம் வெயிலில் அதைப் பரிந்துரைப்பவர் பகைவராகவே இருக்க முடியும்.

இத்தனை கருவிகளையும் சோதித்துப் பார்க்க இவ்வட்டாரத்தில் இயல்பாக அமைந்த ஆய்வுக்களம் நவக்கிரகச் சுற்று. கும்பகோணத்தில் விடியற்காலை புறப்பட்டு, திங்களூரில் சந்திரன், ஆலங்குடியில் குரு, திருநாகேஸ்வரத்தில் இராகு, சூரியனார்கோயில், அருகிலேயே கஞ்சனூரில் சுக்கிரன், வைத்தீஸ்வரன்கோயிலில் செவ்வாய், திருவெண்காட்டில் புதன், கீழப்பெரும்பள்ளத்தில் கேது, இறுதியாகக் காரைக்காலை ஒட்டிய திருநள்ளாற்றில் சனி என்று ஒன்பதையும் ஒரே நாளில் தரிசித்து மீள்வோர் இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணிக்கின்றனர். 2024 முதல் அரசுப் பேருந்தே இச்சுற்றுக்கு ஓடினாலும், மோட்டார் சைக்கிளில் செல்வோர் குறையவில்லை. இவர்களின் உடல்நிலை கிரக வரிசைப்படி மாறும். சந்திரனிடம் மனம் குளிர்ந்திருக்கும். குருவிடம் மணிக்கட்டு தன் இருப்பைத் தெரிவிக்கும். சூரியனிடம் செல்லும்போது ரெக்சின் தன் பங்கைச் செலுத்தியிருக்கும். வைத்தீஸ்வரன்கோயிலில் உறையும் வைத்தியநாதர் 4,448 நோய்களைத் தீர்ப்பவர் என்பது ஐதிகம். அப்பட்டியலில் எத்தனையாவது எண் தமக்குரியது என்று படியேறும்போதே யோசிப்பவர்கள் உண்டு. திருநள்ளாற்றில் நளதீர்த்தத்தில் மூழ்கி எழுந்ததும் இடுப்பு இலேசானதாகச் சொல்லப்படுவது, சனி விட்டதாலா, நீரில் எடை குறைந்து இருக்கை எலும்பு ஓய்வு பெற்றதாலா என்பது இருதரப்பும் தத்தம் நம்பிக்கைப்படி முடிவு செய்ய வேண்டியது.

இச்சுற்றில் கவனத்துக்குரிய செய்தி வேறு. எட்டு மணி நேரத்துக்கும் மேலாகச் சாலையில் இருந்தும் இப்பயணிகள் ஓரளவு நிமிர்ந்தே வீடு திரும்புகின்றனர். ஆனால் திருச்சியிலிருந்து நாகப்பட்டினத்துக்கு எங்கும் நிற்காமல் வந்தவர் அதில் பாதி நேரத்திலேயே வளைந்துபோகிறார். வேறுபாட்டுக்குக் காரணம் பிரகாரம். ஏறக்குறைய ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒருமுறை வண்டியை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றி, வெறுங்காலோடு சுற்றி வந்து, கொடிமரத்தருகே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுபவர், இரத்த ஓட்டம், முதுகு நிமிர்த்தல், தொடைத் தசை நீட்டல் ஆகிய மூன்றையும் ஒரே வழிபாட்டில் முடித்துவிடுகிறார். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சீட்டும் இந்தப் பத்து நிமிடத்துக்கு ஈடாகாது.

சீட்டின் கதை இவ்வாறிருக்க, ஹேண்டில்பாரின் கதை நுட்பமானது. பழைய சாலை பின்புறத்தை வருத்தும். புதிய நான்குவழிச் சாலையோ கைகளை வருத்தும். மேடுபள்ளமற்ற சாலையில் ஒரே வேகத்தில் ஓடும்போது எஞ்சின் ஒரே சுழற்சியில் நிலைத்து நிற்கிறது. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வருவதால் எழும் ஆட்டம் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒருமுறை வண்டியை உலுக்குகிறது. நிமிடத்துக்கு 5,000 சுழற்சி என்றால் நொடிக்கு 83 உலுக்கல், மணிக்கு மூன்று லட்சம். ஆக்சிலேட்டரை இறுகப் பற்றிய கை இந்த மூன்று லட்சத்தையும் வரவு வைத்துக்கொண்டு, இறங்கிய பிறகு டீக் கிளாசைப் பிடிக்கும்போது தவணை முறையில் செலவு செய்கிறது. அதிரும் கருவிகளால் விரல் வெளுத்து மரத்துப்போகும் நோயை 1918இல் ஆலிஸ் ஹாமில்டன் என்னும் மருத்துவர் அமெரிக்காவின் இண்டியானாவில் சுண்ணாம்புக்கல் வெட்டும் தொழிலாளரிடம் ஆராய்ந்து எழுதினார். 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் எட்டு மணி நேர வேலைநாளில் கைக்கு வரும் அதிர்வு நொடி வர்க்கத்துக்கு 2.5 மீட்டரைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று விதித்தது. படுகையில் வண்டி ஓட்டுபவர் பெரும்பாலும் தாமே முதலாளியாகவும் இருப்பதால் யார் மேல் நடவடிக்கை எடுப்பது என்னும் சிக்கல் இங்கே உண்டு. வெள்ளை விரல் நோயைத் தூண்டுவது குளிர். மார்கழியில் 22 டிகிரிக்கே மஃப்ளர் சுற்றிக்கொள்ளும் ஊரில் அது எளிதில் தலைகாட்டுவதில்லை. மரத்துப்போதல் மட்டும் குறைவின்றி வரும்.

எந்த விரல் மரத்தது என்பதைக் கொண்டே பிழையைக் கண்டுபிடிக்கலாம். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால், உள்ளங்கையின் வெளி ஓரத்தில் செல்லும் உல்னார் நரம்பு கிரிப்பில் அழுந்துகிறது என்று பொருள். பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மரத்தால், மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கி நடு நரம்பு நெருக்கப்படுகிறது என்று பொருள். பின்னதற்குக் காரணம் பெரும்பாலும் கிளட்ச், பிரேக் லீவர்கள் மிக உயரத்தில் இருப்பதே. லீவரைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, முன்கையும் விரல்களும் ஒரே நேர்க்கோட்டில் வரும்படி சற்றே கீழே திருப்பி முறுக்கினால் போதும்; மெக்கானிக்குக்கு டீ செலவோடு முடியக்கூடிய இவ்வேலைக்கு யாரும் போவதில்லை, ஏனெனில் வண்டி வந்தபோது லீவர் எப்படி இருந்ததோ அதுவே அதன் ஜாதகம் என்று பலர் கருதுகின்றனர். ஹேண்டில்பாரையே கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தித் தம் பக்கம் சற்றுச் சாய்த்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தவர் இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, கிளட்ச் வயரும் ஆக்சிலேட்டர் வயரும் இழுபடவில்லை என்பதை உறுதி செய்யாமல் சாலையில் இறங்கலாகாது.

அதிர்வைக் குறைக்க ஹேண்டில்பாரின் முனைகளில் எடைக்குண்டு மாட்டுவது நிறுவனங்களே கையாளும் வழி. எடை கூடினால் குழாய் இயல்பாக ஆடும் வேகம் குறைந்து, எஞ்சினின் ஆட்டத்தோடு இசையாமல் விலகி நிற்கும் என்பதே இதன் தத்துவம். குழாய்க்குள் ஈயக்குண்டுகளையோ மணலையோ அடைத்து இதே பயனைப் பெறுவோரும் உண்டு. ஆற்றுமணலுக்கு அனுமதிச் சீட்டு கேட்கும் காலத்தில், வண்டிக்குள் ஒரு படி காவிரி மணலோடு சோதனைச் சாவடியைக் கடப்பதற்குத் துணிவு வேண்டும். கிரிப்பின் மேல் சைக்கிள் டியூப்பை நாடாவாக வெட்டிச் சுற்றுவது நாட்டுமுறை. அது அதிர்வைச் சற்றுத் தணிக்கும். அளவுக்கு மீறித் தடித்தாலோ பிடிக்க அதிக வலு வேண்டியிருந்து, கை முன்னிலும் விரைவாகச் சோரும்.

ஆயினும் இத்துறையின் மையமான உண்மை ஹேண்டில்பாரில் இல்லை. கைவலிக்காகக் கிரிப், குண்டு, கையுறை என்று வாங்கிக் குவிப்பவர், வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஓட்டும் நிலையில் அமர்ந்து, இரு கைகளையும் ஹேண்டில்பாரிலிருந்து ஓரங்குலம் தூக்கிப் பார்க்க வேண்டும். உடல் முன்னே சரிந்தால், அவருடைய கைகள் இதுவரை ஓட்டும் தொழிலைச் செய்யாமல் தூணாக நின்று மேலுடலைத் தாங்கி வந்திருக்கின்றன என்பது விளங்கும். சரிவுக்குக் காரணம் டேங்க்கை நோக்கிச் சாய்ந்த சீட். சீட் சாய்ந்ததற்குக் காரணத்தைத் தேடிப் போனால், படுகையில் அது பெரும்பாலும் நெல்லில் போய் முடியும். பின் ஷாக் அப்சார்பரின் சுருள்வில்லைப் படிப்படியாக இறுக்கும் அமைப்பு பல வண்டிகளில் ஐந்து நிலைகளில் உள்ளது. அறுவடையின்போது சிப்பம் ஏற்றுவதற்காகக் கடைசி நிலைக்கு இறுக்கியவர், நெல் கொள்முதலாகி, பணம் வங்கிக்கு வந்து, செலவாகி, அடுத்த நடவும் முடிந்த பிறகும் அதைப் பழைய நிலைக்குத் திருப்புவதில்லை. வண்டியின் பின்பகுதி தூக்கி நிற்கிறது. சீட் முன்னே சரிகிறது. இடுப்பு வழுக்கி டேங்க்கில் முட்டுகிறது. கைகள் எதிர்த்து உந்துகின்றன. இறுகிய வில் ஒவ்வொரு பாலத்திலும் உதையை முழுமையாக மேலே அனுப்புகிறது. சுண்டுவிரல் மரத்ததற்குக் காரணம் போன போகத்துச் சம்பா என்று மருத்துவரிடம் சொன்னால் அவர் நம்பமாட்டார். டூல் கிட்டில் இருக்கும் கொக்கிச் சாவியால் அதை இரண்டு நிலை தளர்த்துவதும், டயர் காற்றைக் குறித்த அளவில் வைப்பதும், சீட்டின் முன்பகுதியை விரற்கடை உயர்த்திச் சமப்படுத்துவதும் கைவலிக்கான முதல் சிகிச்சைகள். மூன்றும் கைக்கு நெடுந்தொலைவில் நடப்பவை.

இந்த நோக்கில் பார்த்தால் படுகையின் நிலத்துக்கும் உடலுக்கும் ஏற்ற வண்டி என்னும் பெருமை, யாரும் படம் பிடித்துச் சுவரில் மாட்டாத ஒன்றுக்கே உரியது. 1980இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டிவிஎஸ் 50, இருவர் அமரும் மொபெட்டாகத் தொடங்கி, எக்ஸெல் என்னும் வடிவில் வளர்ந்து, 2015இல் எக்ஸெல் 100 ஆகி, இன்றும் களத்துமேட்டுக்கும் கடைத்தெருவுக்கும் இடையே உழைத்து வருகிறது. அதில் ஓட்டுநருக்கும் பின்னால் வருபவருக்கும் தனித்தனி இருக்கை. சரிந்து டேங்க்கில் மோத வழியில்லை, ஏனெனில் மோதுவதற்கு முன்னால் உரமூட்டை இருக்கும். ஹேண்டில்பார் உயர்ந்து அருகே வருவதால் முதுகு நேராகவும், முழங்கை தளர்வாகவும், கால் நாற்காலியில் அமர்ந்தாற்போலவும் அமைகின்றன. கைகளின் மேல் எடையே விழுவதில்லை. இத்தனை இலட்சணமும் பொருந்திய வண்டியில் நெடும்பயணம் போகலாமே என்றால், அதன் வேகத்தில் எந்தப் பயணமும் நெடும்பயணமாகிவிடும் என்பதே ஒரே தடை.

புல்லட்டின் வரலாறு எதிர்த்திசையில் செல்கிறது. 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, இராணுவத்தின் தேவைக்காக இங்கே தயாரிக்கப்பட்ட 350 சிசி வண்டி, டெல்டாவில் மிராசுதார்களின் வாசலை அடைந்தபோது, சுருள்வில் மேல் நின்ற தனிச் சீட்டால் பின்புறத்துக்கு அரச மரியாதையும், சமனற்ற ஒற்றைச் சிலிண்டரால் கைக்கு நடுக்கமும் ஒருசேரத் தந்தது. பிஸ்டனின் ஆட்டத்துக்கு எதிராகச் சுழன்று அதைத் தணிக்கும் சமநிலைத் தண்டு அவ்வரிசை 350 சிசி எஞ்சின்களுக்கு 2020இல்தான் வந்தது. நடுக்கம் குறைந்ததை முன்னேற்றம் என்று இளையோரும், வண்டியின் உயிர் போயிற்று என்று மூத்தோரும் கூறுகின்றனர். மூத்தோர் இதைக் கூறும்போது அவர்களுடைய கை இன்னும் சற்று ஆடிக்கொண்டிருப்பதைக் காணலாம்.

இதுவரை கூறியவை யாவும் முன்னால் அமர்பவரின் சுகத்தைப் பற்றியவையே என்பதைப் பின்னால் அமர்பவர்கள் இதற்குள் கவனித்திருப்பர். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி, பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும் கால் வைக்கும் இடமும், உடை சக்கரத்தில் சிக்காமல் சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் காப்பும் வேண்டும் என்கிறது. புடவைக்கு இடம் கொடுத்த அவ்விதி மெத்தையைப் பற்றிப் பேசவில்லை. ஒருபுறமாக அமர்ந்து வருபவரின் எடை ஏறக்குறைய முழுவதும் தொடையின் ஒரு பக்கத்தில் விழ, முதுகு பயணம் முழுவதும் முறுகியே இருக்க, ஒரு கை ஓட்டுநரின் தோளையும் மறு கை அர்ச்சனைக் கூடையையோ குழந்தையையோ பற்றியிருக்க, உதை வரப்போவதை அறியும் வாய்ப்பும் இன்றி அவர் ஒன்பது கோயிலையும் சுற்றி வருகிறார். ஓட்டுநரின் இடுப்புக்கு ஆதாரமாகச் சீட்டின் நடுவே படி வைத்துத் தைக்கும்போது அந்தப் படிக்கான இடமும் பின்சீட்டிலிருந்தே எடுக்கப்படுகிறது. சீட் கவர் கடைக்கு அளவு கொடுக்க ஓட்டுநர் தனியாகவே போவது வழக்கம். துணைவியாரையும் உடன் அழைத்துச் சென்ற சிலருடைய வண்டிகளை, முன்சீட் நான்கு விரல் சுருங்கியிருப்பதைக் கொண்டு எளிதில் இனங்காணலாம்.